கோலம் போட்ட மேசை விரிப்பு: துணி எடுப்பது முதல் கறை போக்குவது வரை

மேசை விரிப்புக்கு உண்மையான பரீட்சை விருந்து முடிந்த மறுநாள்தான் வரும். ரசம் சிந்தியிருக்கும், நாப்கினில் மஞ்சள் ஏறியிருக்கும், துவைப்பு இயந்திரம் ஒரு மணி நேரம் சுற்றி எடுத்திருக்கும். அதற்குப் பிறகும் ஓரம் சுருளாமல், சிவப்பு நூல் சாயம் விடாமல், பூவேலை பிரியாமல் இருந்தால் வேலை சரி. கீழே வரும் துணி, நூல், தையல் எல்லாம் அந்தத் துவைப்பை முன்வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

செய்யப்போவது இதுதான்: 4 பேர் உட்காரும் 120 × 75 செ.மீ. மேசைக்கு ஒரு விரிப்பு, கூடவே 6 நாப்கின்கள். எல்லாவற்றின் மூலையிலும் சிக்குக் கோலம்.

துணி

சிங்கப்பூரில் அரபு ஸ்திரீட்டிலோ பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலோ துணிக்கடையில் ‘லினன்’ என்று கேட்டால் மூன்று விதமான துணிகளை எடுத்துப் போடுவார்கள்: சுத்த லினன், பருத்தி கலந்த லினன், லினன் போலவே தெரியும் பாலியெஸ்டர். மூன்றாவது மேசைக்கு ஆகாது. தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய்க் கறையை விடாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளவென்று இழைத்துப் போகும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, வீட்டுக்கு வந்து சமையலறைத் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும்.

முதல்முறை தைப்பவர்களுக்குப் பருத்தி கலந்த லினன்தான் நல்லது. சுத்த லினனைவிடக் குறைவாகக் கசங்கும், விலையும் தாங்கும். ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை எடையுள்ளதாக எடுங்கள். அதைவிட மெல்லியதென்றால் பின்பக்க நூல் முன்னால் நிழலாடும். தடிமன் கூடினால் மூலை மடிக்கும்போது இயந்திரம் திணறும். பாவும் ஊடும் கண்ணுக்குத் தெரிகிற சாதா நெசவாக இருக்கட்டும். நேராக வெட்டவும் புள்ளி வைக்கவும் அதுவே வழிகாட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காவிப் பட்டைமேல் வெள்ளைக் கோலம் போல, செங்காவித் துணியில் வெள்ளை நூல் போட்டால் அழகுதான். ஆனால் அடர்நிறத் துணி முதல் சில துவைப்பில் சாயம் விட்டால் வெள்ளை நூல் ரோஜா நிறமாகிவிடும். சலவை செய்யாத இயற்கை நிற லினனில் அரக்கு நூல் போடுவது பாதுகாப்பானது. தூய வெள்ளையைவிட அந்த மங்கிய நிறத்தில் மஞ்சள் கறையின் மிச்சமும் அவ்வளவாகத் தெரியாது.

அளவும் கணக்கும்

அன்றாட விரிப்பு மேசையிலிருந்து 20 செ.மீ. தொங்கினால் போதும். அதற்குமேல் போனால் உட்காருபவர் மடியில் சுருண்டு கிடக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பிடித்து இழுத்துவிடும், மேலே இருக்கும் குழம்புச் சட்டியோடு.

120 + 20 + 20 = 160; 75 + 20 + 20 = 115. ஓர மடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. (1 செ.மீ. உள்மடிப்பு, 3 செ.மீ. வெளிமடிப்பு) சேர்த்தால் வெட்டும் அளவு 168 × 123 செ.மீ. முதல் துவைப்பில் 5 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு 1.8 மீட்டர் வாங்க வேண்டும்.

இங்கே அகலத்தைக் கவனியுங்கள். 115 செ.மீ. அகலத் துணி இதற்குப் போதாது, ஒட்டுப் போட வேண்டி வரும். 150 செ.மீ. அகலமுள்ளதைக் கேளுங்கள், சுருங்கிய பிறகும் 142 செ.மீ. இருக்கும். சில கடைகளில் கஜக் கணக்கில் அளப்பார்கள். ஒரு கஜம் 91.4 செ.மீ.தான் என்பதால், 1.8 மீட்டருக்கு 2 கஜம் கேட்டால் சரியாக வரும்.

நாப்கின் தைத்து முடித்த அளவு 42 செ.மீ. சதுரம். ஓரத்துக்குப் பக்கத்துக்கு 2 செ.மீ. சேர்த்து 46 செ.மீ. அகலத்தில் மூன்று, நீளத்தில் இரண்டு: 138 × 92 செ.மீ. ஆகவே 1 மீட்டர் துணியில் ஆறும் அடங்கும். விரிப்புக்கும் நாப்கினுக்கும் சேர்த்து ஒரே துண்டாக 2.8 மீட்டர் வெட்டச் சொல்லுங்கள், நிறம் மாறாமல் இருக்கும்.

மற்றவை: 6 இழை எம்ப்ராய்டரி நூல் (ஒரு கட்டு 8 மீட்டர்) 4 கட்டு, எல்லாம் ஒரே சாய எண்ணில், 7ஆம் எண் எம்ப்ராய்டரி ஊசி, 15 செ.மீ. மர வளையம், இயந்திரத்துக்கு 90/14 ஊசி, 50ஆம் எண் பருத்தித் தையல் நூல், முனை கூர்மையான சிறு கத்தரி.

முதல் துவைப்பு, முதல் வெட்டு

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்தே ஆக வேண்டும். இதைத் தாண்டிப் போனவர்களின் விரிப்பு முதல் துவைப்பில் சுருங்கும், உள்ளே போட்ட நூலோ சுருங்காது. பூவேலையைச் சுற்றி முறுக்கு முறுக்காக எழும்பும். வெட்டிய இரு ஓரங்களிலும் ஜிக்‌ஜாக் தையல் ஓட்டிவிட்டு 40 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பிறகு எப்போதும் பச்சைத்தண்ணீரில்தான் துவைக்கப்போகிறீர்கள் என்றாலும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடட்டும். பாதி ஈரத்தில் எடுத்து இஸ்திரி போடுங்கள். முழுக்கக் காய்ந்த லினனின் சுருக்கம் எளிதில் போகாது.

நேராக வெட்டக் கத்தரியையும் அளவுகோலையும் நம்ப வேண்டாம். கரையோரம் சிறிது வெட்டி, குறுக்கே போகும் ஒரு நூலைப் பிடித்து மெல்ல இழுங்கள். நூல் உருவி வந்த இடத்தில் துணி முழுக்க ஒரு கோடு தெரியும், அதன்மேல் வெட்டுங்கள். நூல் நடுவில் அறுந்தால், அறுந்த இடம் வரை வெட்டி மறுபடி பிடிக்கலாம். பத்து நிமிடம் கூடுதலாகும். இதைச் செய்யாமல் சாய்வாக வெட்டிய ஓரம் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அலையலையாக நிற்கும்.

நாப்கின்களை இப்போது தனித்தனியாக வெட்டாதீர்கள். 46 செ.மீ. சதுரங்களைத் துணிமேல் ஓட்டுத் தையலால் குறித்துவிட்டு, பூவேலை முடிந்தபின் வெட்டுங்கள். காரணம் இரண்டு. பூவேலை துணியைச் சில மில்லிமீட்டர் உள்ளிழுக்கும், முன்பே வெட்டியிருந்தால் சதுரம் கோணலாகிவிடும். இன்னொன்று, வெட்டிய துண்டின் மூலையில் வளையம் பிடிக்காது. எந்த மூலையில் கோலம் வந்தாலும் நாப்கினுக்கு ஒன்றுதான் என்பதால், துணியின் உட்புறம் பார்த்த மூலையாகப் பார்த்துப் போட்டால் வளையத்துக்கு நாலு பக்கமும் துணி கிடைக்கும். விரிப்பை மட்டும் 168 × 123-க்கு வெட்டி, ஓரத்தை ஜிக்‌ஜாக் போட்டு வைக்கலாம்.

எத்தனை புள்ளி?

சிக்குக் கோலத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள் (கோலத்தின் கோடுகள்) குறுக்கே வெட்டிக்கொள்ளும். வெளிவரிசையில் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும். வாசலில் மாவால் போடும்போது எத்தனை கம்பி என்பது பெரிய விஷயமில்லை. ஊசியால் போடும்போது அதுதான் விஷயம். ஒவ்வொரு தனிக் கம்பிக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, பின்னால் இரண்டு வால் உண்டு.

நேர்ப்புள்ளியில் (புள்ளிகள் நேர்வரிசையாக, ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக) 3-க்கு 3 வைத்தால் மூன்று தனிக் கம்பிகள் வரும். 3-க்கு 4 வைத்தால் ஒரே கம்பி, எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கம்பி என்பது கணக்கு. ஆகவே நாப்கினுக்கு 3 × 4, விரிப்பு மூலைக்கு 4 × 5. இரண்டிலும் பொது வகுத்தி 1.

நாப்கினில் புள்ளிகளுக்கிடையே 1.5 செ.மீ. விடுங்கள், கோலம் சுமார் 4.5 × 6 செ.மீ. ஆகும். தைத்து முடித்த ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே (வெட்டுக் கோட்டிலிருந்து 5 செ.மீ.) அமைத்தால், நாப்கினை நான்காக மடித்து மறுபடி பாதியாக்கும்போது வரும் 10.5 செ.மீ. பட்டையின் நடுவில் கோலம் உட்காரும். விரிப்பில் 2 செ.மீ. இடைவெளி. இங்கே பலரும் விரிப்பின் மூலையிலேயே கோலத்தைப் போட்டுவிடுகிறார்கள். தொங்கும் மூலை மடிந்து கூம்பாக நிற்கும், கோலம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். விரிப்பை மேசையில் போட்டு மேசை விளிம்பைக் குண்டூசியால் குறித்து, அதிலிருந்து 6 செ.மீ. உள்ளே, மேசைப் பரப்பின் மேலேயே போடுங்கள். தட்டு வைக்கும் இடத்துக்கு வெளியே அது தெளிவாகத் தெரியும்.

காகிதத்தில் கோலத்தைக் கருப்புப் பேனாவால் வரைந்து, பகலில் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து நகலெடுக்கலாம். எந்தப் பேனா என்பதில் கவனம் தேவை. காற்றில் தானாக மறையும் ஊதாப் பேனா சிங்கப்பூருக்கு ஒத்துவராது. ஈரக்காற்றில் மை சீக்கிரம் மறையும், பாதிக் கோலம் போடுவதற்குள் மீதிக் கோடு காணாமல் போயிருக்கும். தண்ணீரில் மறையும் நீலப் பேனாதான் சரி. ஆனால் கோடு இருக்கும்போது இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூட்டில் மை நிலைத்துவிடும். முதலில் வெறும் பச்சைத்தண்ணீரில் முக்கி நீலத்தை முழுக்கப் போக்குங்கள், பிறகு சோப்பு, கடைசியில் இஸ்திரி. சூட்டில் மறையும் பேனாவும் கடைகளில் கிடைக்கிறது. அதன் கோடு உறையவைக்கும் குளிரில் மறுபடி தெரியக்கூடும் என்பதால், பனி பெய்யும் ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பப்போகிறவர்கள் தவிர்க்கலாம்.

ஊசி எடுக்கும் முன் சாயச் சோதனை

அரக்கு, சிவப்பு, கருநீலம் ஆகிய நூல்களை நம்பக் கூடாது. ஒரு சாண் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். கறை விழுந்தால் கட்டு முழுவதையும் வெதுவெதுப்பான நீரில் திரும்பத் திரும்ப, தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள். வினிகரும் உப்பும் சாயத்தைப் ‘பிடித்து வைக்கும்’ என்று சொல்வதுண்டு. இந்த நூலுக்கு அதனால் பெரிய பயனில்லை. அலசியும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கட்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூவேலை

வளையத்தின் உள்வட்டத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிடுங்கள், துணி வழுக்காது. துணி தட்டினால் தப்பட்டை போலச் சத்தம் வரும் அளவுக்கு இழுபட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் வளையத்தைக் கழற்றி, ஊசியையும் துணியிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஊசியும் வளையத்தின் திருகாணியும் ஒரு வாரத்தில் துரு விட்டுவிடும். அந்தப் பழுப்புப் புள்ளி எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வெயிலில் வைத்தாலும் அரைமனதாகத்தான் போகும்.

முழங்கை முதல் விரல்நுனி வரை, ஏறத்தாழ 45 செ.மீ. நூல் வெட்டுங்கள். அதிலிருந்து 3 இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து, மறுபடி சேர்த்துக் கோத்தால் முறுக்கு விழாது. முடிச்சு வேண்டவே வேண்டாம். பின்பக்க முடிச்சு இஸ்திரியில் முன்னால் புடைக்கும், துவைப்பில் அவிழும். முன்பக்கத்தில், தொடங்கும் இடத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு தற்காலிக முடிச்சு போட்டு ஆரம்பியுங்கள். வேலை முடிந்ததும் அதை வெட்டி, வாலைப் பின்பக்கத் தையல்களில் நாலைந்துக்கு அடியில் செருகிவிடலாம்.

கம்பிக்குச் சங்கிலித் தையல் (கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் போவது): ஒரு கண்ணிக்கு 3 மி.மீ. நீளம்; வளைவில் 2 மி.மீ. ஆகக் குறைத்தால் வளைவு முறியாது. கண்ணியை இழுக்கும்போது துணிமேல் படுக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். இறுக்கினால் துணி சுருங்கும். வளையத்தில் இருக்கும்போது அது தெரியாது, கழற்றியதும் தெரியும்.

இனி சந்திப்புகள். ஒரு சங்கிலிமேல் இன்னொரு சங்கிலி ஏறினால் அங்கே கட்டி போலத் தடிக்கும், தம்ளர் வைத்தால் ஆடும். அதற்கு வழி: கம்பியைத் தொடர்ந்துபோகும்போது ஒவ்வொரு சந்திப்பிலும் ‘மேலே, கீழே, மேலே, கீழே’ என்று மாற்றி மாற்றி எண்ணுங்கள். ‘மேலே’ வந்தால் சங்கிலியை நேராக ஓட்டுங்கள். ‘கீழே’ வந்தால் சந்திப்புக்குச் சற்று முன் கண்ணியைச் சின்னத் தையலால் பூட்டி, ஊசியைப் பின்னால் இறக்கி, 3 மி.மீ. தாண்டி மறுபடி மேலேற்றித் தொடருங்கள். எதிர்க் கம்பி பிறகு அந்த இடைவெளியில் போகும். முடிக்கும்போது பாய் முடைந்தது போல ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்து தெரியும்.

3 × 4 கோலத்தில் 17 சந்திப்புகள். கம்பி ஒவ்வொன்றையும் இருமுறை கடப்பதால் 34 எண்ணிக்கை. ‘மேலே’ என்று தொடங்கினால் ‘கீழே’ என்றுதான் முடிய வேண்டும். வேறாக முடிந்தால் நடுவில் எங்கோ தவறிவிட்டது. ஊசியில் தவறுவதற்கு முன் காகிதத்திலேயே ‘கீழே’ இடங்களை அழித்துக் காட்டிவிட்டால் துணிமேல் யோசிக்க வேண்டியிருக்காது. ஒரு கோலத்துக்கு 3 இழை நூல் சுமார் 2.5 மீட்டர் பிடிக்கும்.

புள்ளிகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில் சுற்றிக் குத்தும் சிறு முடிச்சு), ஊசியில் ஒரே ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்று போட்டால் உருண்டையாக அழகாக நிற்கும், முள்கரண்டியிலும் வளையலிலும் மாட்டவும் செய்யும்.

கோலத்துக்குப் பதிலாகப் பூ போட விரும்புகிறவர்கள் உண்டு. 1981 முதல் சிங்கப்பூரின் தேசிய மலராக இருக்கும் வண்டா மிஸ் ஜோக்கிம் இதழ்கள் அகலமானவை. சாட்டின் தையல் (நூலை நெருக்கமாகப் பக்கம் பக்கமாகப் போட்டு நிரப்புவது) 8 மி.மீ.-க்கு மேல் நீண்டால் தொளதொளத்துக் கொக்கியில் மாட்டும். ஆகவே இதழை நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் நீள-குட்டைத் தையலால் நிரப்ப வேண்டும். சம்கி, கண்ணாடி, ஜரிகை எதுவும் மேசைக்கு வேண்டாம். இஸ்திரிக்கு ஆகாது, சம்கி குழம்பிலும் விழும்.

ஓரமும் மூலையும்

பூவேலை முடிந்து, நீலக் கோடு போய், தடித்த துண்டின்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்ட பிறகே இதற்கு வர வேண்டும். நாப்கின் ஓரம் 1 செ.மீ., மறுபடி 1 செ.மீ. மடித்து அடிப்பது, மூலையில் நுனியைச் சாய்வாக வெட்டி மடித்தால் போதும். விரிப்பின் 3 செ.மீ. ஓரத்துக்குச் சாய்வு மூலை (இரு ஓரங்களும் சாய்கோட்டில் சந்திக்கும் மூலை) தைக்க வேண்டும். ஒருமுறை கை பழகிவிட்டால் பிறகு சாதா மூலை தைக்கவே பிடிக்காது.

1. நாலு பக்கமும் துணியின் பின்பக்கம் நோக்கி 1 செ.மீ. மடித்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். பிறகு 3 செ.மீ. மடித்து மறுபடி இஸ்திரி. மடிப்புத் தடம் கூர்மையாக விழ வேண்டும்.

2. 3 செ.மீ. மடிப்பை மட்டும் பிரியுங்கள், 1 செ.மீ. மடிந்தே இருக்கட்டும். மூலைநுனியிலிருந்து இரு ஓரங்களிலும் 6 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைக்கும் சாய்கோடு 3 செ.மீ. மடிப்புத் தடங்கள் சந்திக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். போகவில்லையென்றால் ஏதோ ஒரு பக்கம் 3 செ.மீ. சரியாக மடியவில்லை.

3. அந்தச் சாய்கோட்டில் மூலையை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, எல்லாவற்றையும் பிரியுங்கள்.

4. துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மூலையை முக்கோணமாக மடித்தால் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். சாய்தடத்தின்மேல், மடிப்பிலிருந்து வெளிப்புறமாகத் தையுங்கள். வெட்டு ஓரத்துக்கு 1 செ.மீ. முன்னாலேயே நிறுத்திப் பின்தையல் போட்டு முடியுங்கள். அந்த 1 செ.மீ.-ஐயும் தைத்துவிட்டால் உள்மடிப்பு மடியாது. பலரும் மாட்டுவது இங்கேதான்.

5. தையலிலிருந்து 6 மி.மீ. விட்டு நுனியை வெட்டுங்கள், தையலை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள், மூலையைப் புரட்டுங்கள். நுனியைத் தள்ளக் கத்தரி முனையை எடுக்காதீர்கள், துணி பொத்துவிடும். சாப்ஸ்டிக் குச்சியின் மழுங்கிய முனை இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

6. உள்மடிப்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே, 2.5 மி.மீ. தையல் நீளத்தில் சுற்றிலும் அடியுங்கள். துணி கனமாகும் மூலையில் இயந்திரத்தின் பாதம் பின்னால் சாய்ந்து தையல் நழுவினால், பாதத்துக்குப் பின்னால் அதே துணியை மடித்துச் செருகிச் சமப்படுத்துங்கள்.

ஓரம் முழுக்கச் சுருக்கமாக வந்தால் மேல்நூல் டென்ஷன் கூடியிருக்கிறது; முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்துக் குறையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவில் தைப்பவர்கள் இயந்திரத்தின் கீழே தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுவது நல்லது. அதிர்வு மேசைக்கால் வழியாகக் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்குத்தான் போகிறது.

கறையும் பராமரிப்பும்

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது குங்குமச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தால் எண்ணெயை எடுத்துவிட்டு வழக்கம்போலத் துவையுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் அழியும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் இரண்டு பகல் கிடந்தால் பெரும்பாலும் போய்விடும். பூவேலைப் பக்கம் உள்ளே இருக்கும்படி போட்டால் நூலின் நிறம் மங்காது. குளோரின் வெளுப்பான் மட்டும் கூடாது, அரக்கு நூல் ஆரஞ்சாகிவிடும்.

கஞ்சி போட்ட நாப்கின் விறைப்பாக நிற்பது அழகுதான், ஆனால் விருந்துக்கு முதல்நாள் போட்டால் போதும். கஞ்சியோடு அலமாரியில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு அதுவே விருந்து. துவைத்து, முழுக்கக் காயவைத்து, இஸ்திரிச் சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மிச்ச ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சைப் புள்ளி விழும். மடிப்பை மாதம் ஒருமுறை மாற்றி மடியுங்கள். ஒரே இடத்தில் மடிந்துகிடந்தால் லினன் அந்தக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும்.